மாட்டுக்குப் பல் பார்க்கலாம், சாரதிக்கு?

தூத்துக்குடி மாவட்டத்தில் கோயில் கொடை வந்தாலும் தலைவர் பிறந்தநாள் வந்தாலும் எங்காவது ஒரு கிராமத்தில் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் உண்டு. ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர் பக்கம் அன்று காலையில் சாலையின் இரு கரையிலும் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். நோட்டீசைப் பார்த்தால் பெரிய மாடு, சின்ன மாடு, இளம் மாடான பூஞ்சிட்டு என்று வகுப்பு பிரித்திருப்பார்கள். சில ஊர்களில் நடுமாடு, தேன்சிட்டு என்று இன்னும் பிரிவுகள் கூடும். பெரிய மாட்டுக்குப் போய்வர பத்துப் பன்னிரண்டு மைல் என்றால் பூஞ்சிட்டுக்கு அதைவிட நன்றாகக் குறைவு. பெரிய மாட்டை ஓட்டிவந்து பூஞ்சிட்டு வரிசையில் நிறுத்த முடியாது. சண்டை போட்டாவது வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கயிற்றைப் பிடிக்கும் சாரதிக்கோ வகுப்பு கிடையாது. பெரிய மாட்டில் பேரெடுத்தவர் பூஞ்சிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கூட்டம் கைதட்டும், கமிட்டி தடுக்காது.

இதற்கு நேரெதிரான விதியை அமெரிக்காவில் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே ஸ்டாக் கார் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு, உச்ச வரிசையின் அனுபவசாலி ஓட்டுநர் கீழ்வரிசையில் ஆண்டுக்கு இத்தனை முறைதான் இறங்கலாம் என்று எண்ணிக்கை கட்டியது. நம் ஊரில் மாட்டுக்கு வரம்பு, மனிதனுக்கு இல்லை. அங்கே மனிதனுக்கு வரம்பு. எது நியாயம் என்று கேட்டால், அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒரு வண்டியின் வேகம் எங்கே இருக்கிறது? ஓட்டுபவன் கையிலா, ஓடுவதிலா?

பல்லும் பாரமும்

வகுப்பு பிரிக்க உதவுவது மாட்டின் வயது; அதைச் சொல்வது பல். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பல்லே இல்லை. கீழ்த்தாடையில் எட்டு வெட்டுப்பற்கள். கன்றாக இருக்கும்போது எட்டும் பால்பற்கள்தான். ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவில் உள்ள இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்தடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக, ஜோடி ஜோடியாக மாறும். நான்கரை, ஐந்து வயதுக்குள் எட்டும் மாறி முடிந்துவிடும். சந்தையில் ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’, ‘கடை சேர்ந்தது’ என்று பேசுவது இதைத்தான். வாயைத் திறந்து பார்த்தால் ஆறு மாதம் முன்பின்னாக வயது தெரிந்துவிடும், ஏமாற்றுவது கடினம்.

வயதோடு உயரமும் எடையும் சேர்ந்து வருவதால் வகுப்பு பிரிப்பதற்கு ஓர் இயற்பியல் காரணமும் உண்டு. வண்டியும் அதில் வரும் ஆட்களும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஜோடியாக 800 கிலோ எடையுள்ள பெரிய மாடுகளுக்கு அது உடம்பில் நான்கில் ஒரு பங்கு. ஜோடியாக 400 கிலோ உள்ள இளம் மாடுகளுக்கு அதே வண்டி உடம்பில் பாதி. போதாததற்கு, சிறிய உடல் கொண்ட விலங்கு ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் செலவிடும் ஆற்றல் பெரிய விலங்கைவிட அதிகம். கால் குட்டை, அடி குறுகல், அதனால் அடிகளின் எண்ணிக்கை கூடுதல். ஆகவே இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் முடிவு முன்பே தெரிந்துவிடும், இளம் மாடும் வதைபடும். மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு 2014இல் தடை விதித்த உச்ச நீதிமன்றம், 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை 2023 மே மாதம் ஏற்றபோது, விலங்கின் நலம் காக்கும் விதிகளோடுதான் ஏற்றது. வகுப்பு பிரிப்பது அந்த நலத்தின் முதல் படி.

குதிரைப் பந்தயக்காரர்கள் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அட்மிரல் ரௌஸ், எந்த வயதுக் குதிரை எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்துக்கு எத்தனை எடை சுமக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார். கிண்டியில் குதிரை ஓடிய காலமெல்லாம் அந்தச் சிந்தனையின் வாரிசான எடைக் கணக்கில்தான் ஓடியது. வலுத்த குதிரையை வெளியே அனுப்பாமல் அதன் முதுகில் பாரம் ஏற்றிச் சமப்படுத்தும் முறை அது.

இரண்டு வழிகளிலும் அளக்கப்படுவது விலங்குதான். கையை அளக்க யாரும் முயலவில்லை. கையால் ஆவது கொஞ்சம்தானோ?

எல்கையில் மூன்று மீட்டர்

எல்கைப் பந்தயத்தில் வண்டி நேராக ஓடி முடிப்பதில்லை. குறித்த இடம்வரை போய், அங்கே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வரவேண்டும். திரும்பும் இடத்தில் ஒரு வேடிக்கையான வடிவியல் இருக்கிறது. நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளுக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பும்போது வெளிமாடு உள்மாட்டைவிடக் கூடுதலாக ஓடும் தூரம் ‘பை’ மடங்கு ஒரு மீட்டர், அதாவது மூன்று மீட்டருக்குச் சற்று மேல். சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு அகலமாகத் திரும்பினாலும், நின்ற இடத்தில் சுழல்வதுபோலக் குறுக்கித் திரும்பினாலும் இந்த மூன்று மீட்டர் மாறவே மாறாது. வட்டத்தின் அளவு கணக்கில் வருவதே இல்லை; இடைவெளி மட்டுமே வருகிறது.

மாறுவது நேரம். அகலத் திருப்பத்தில் அந்த மூன்று மீட்டரை ஈடுகட்ட வெளிமாட்டுக்குப் பல அடிகள் கிடைக்கும், ஆனால் மொத்தத் தூரம் கூடும். குறுக்குத் திருப்பத்தில் தூரம் மிச்சம். அதற்கு உள்மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கால்மாற்ற, வெளிமாடு பாய்ந்து சுற்ற வேண்டும். எந்தக் கயிற்றை எப்போது இழுப்பது, எந்த மாட்டை உள்ளே பூட்டுவது, பின்னால் வரும் வண்டிக்கு இடம் விடாமல் எவ்வளவு குறுக்குவது என்பதெல்லாம் சாரதி ஒரு கணத்தில் எடுக்கும் முடிவு. போகும்போதே மாட்டைக் கரைத்துவிட்டால் வரும்போது கரையேற முடியாது என்பதால், எவ்வளவு தம் மிச்சம் வைப்பது என்பதும் அவர் கணக்குத்தான்.

கார்களுக்கும் இதே வம்பு உண்டு. மாட்டுவண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் வெளிச்சக்கரம் தன்பாட்டுக்குக் கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும். சாதாரணக் காரில் இந்த வேலையை எஞ்சின் சுழற்றும் அச்சில் உள்ள டிஃபரென்ஷியல் செய்கிறது. ஸ்டாக் கார்களிலோ நெடுங்காலம் இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டியே வைத்திருந்தார்கள். ஓவல் தடத்தில் வண்டி எப்போதும் இடப்பக்கமே திரும்பும் என்பதால், வலப்பக்க டயரின் சுற்றளவைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டார்கள். நேராக ஓட்டினாலும் இடப்பக்கம் இழுக்கும் வண்டியை மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் அடக்கி ஓட்டுவது அங்குள்ளவர்களின் கைத்திறன்.

சனிக்கிழமை வேட்டை

நாஸ்கார் 1948இல் பிறந்தது. தேசிய அளவில் அதற்கு மூன்று வரிசைகள். உச்சியில் கப். அதற்குக் கீழே, ஸ்பான்சர் மாற மாற புஷ், நேஷன்வைட், எக்ஸ்ஃபினிட்டி என்று பெயர் மாறிவந்த இரண்டாம் வரிசை. மூன்றாவதாக, 1995இல் தொடங்கிய ட்ரக் வரிசை. பல வாரங்களில் ஒரே தடத்தில் சனிக்கிழமை இரண்டாம் வரிசையும் ஞாயிற்றுக்கிழமை கப்பும் ஓடும். ஞாயிறு ஓடப்போகிறவர் சனிக்கிழமையும் ஓடினால், தடத்தில் ரப்பர் எங்கே படிந்திருக்கிறது, எந்த வளைவில் பிடிப்பு குறைகிறது என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். பரிசும் கிடைக்கும், ஸ்பான்சருக்கும் மகிழ்ச்சி, பெரிய பெயரைப் பார்க்க டிக்கெட்டும் விற்கும்.

விளைவு என்ன ஆனது? 2006 முதல் 2010 வரை ஐந்து ஆண்டுகளும் இரண்டாம் வரிசையின் சாம்பியன் பட்டத்தைக் கப் ஓட்டுநர்களே தட்டிச்சென்றார்கள்: கெவின் ஹார்விக், கார்ல் எட்வர்ட்ஸ், கிளின்ட் போயர், கைல் புஷ், பிராட் கெசலோவ்ஸ்கி. கைல் புஷ் 2010இல் மட்டும் அந்த வரிசையில் 13 பந்தயங்களை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிஸ்டல் தடத்தில் ஒரே வாரத்தில் ட்ரக், இரண்டாம் வரிசை, கப் மூன்றையும் வென்று காட்டினார். இரண்டாம் வரிசையில் மட்டும் அவருடைய வெற்றிகள் நூறைத் தாண்டும்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மேதையின் ஆட்டத்தைச் சனிக்கிழமையும் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். இளைஞர்கள் வளர வேண்டிய நிலத்தில் யானை மேய்கிறது என்றது மறுபக்கம். நாஸ்கார் படிப்படியாக இறங்கிவந்தது. 2011 முதல் ஒரு ஓட்டுநர் ஏதேனும் ஒரு வரிசையின் பட்டத்துக்கு மட்டுமே புள்ளி சேர்க்கலாம் என்றது. 2017இல், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கப் அனுபவம் உள்ளவர் இரண்டாம் வரிசையில் 10, ட்ரக்கில் 7 பந்தயங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றது. மறு ஆண்டே அது 7, 5 என்று சுருங்கியது.

கீழே வந்தவர் மாணவர் ஆனார்

இந்த ஏணியில் ஒரு தமிழரும் ஏறி இறங்கியிருக்கிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கால்வைத்த முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில், டயர்ச் சிக்கலால் மிஷலின் டயர் அணிகள் விலகிக்கொள்ள ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்தார். அப்படிப்பட்டவர் 2010 மார்ச்சில் நாஸ்காரின் மூன்றாம் வரிசையான ட்ரக்கில் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் இறங்கினார். உலகின் உச்சியிலிருந்து வந்தவர் அமெரிக்காவின் மூன்றாம் படியில் எல்லோரையும் ஊதித்தள்ளியிருக்க வேண்டும் அல்லவா? வந்தது 13ஆம் இடம். அறிமுகப் பந்தயத்துக்கு அது நல்ல முடிவு என்றே அங்கே பேசினார்கள்.

காரணம் எளிது. அன்றைய ஃபார்முலா ஒன் கார் ஓட்டுநரோடு சேர்த்து 620 கிலோ. ட்ரக் அதைப்போல இரண்டரை மடங்கு. டயரின் பிடிப்புக்கு ஒரு குணம் உண்டு: மேலே அழுத்தும் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் கனத்த வண்டி வளைவில் சீக்கிரமே வழுக்கும். ஃபார்முலா ஒன் காரைக் காற்றே தரையோடு அழுத்திப் பிடிக்கும். அரை மைலைச் சற்றே தாண்டும் மார்ட்டின்ஸ்வில்லின் மெதுவான கொண்டையூசி வளைவுகளில் ட்ரக்குக்கு அந்தக் காற்றின் தயவு சொற்பம். கார்பன் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பழகிய கால், இரும்பு பிரேக் சூடேறிச் செத்துவிடாமல் 250 சுற்றும் பொத்திப் பொத்தி மிதிக்கக் கற்க வேண்டும். பக்கத்து வண்டி உரசுவதும் இடிப்பதும் அங்கே ஆட்டத்தின் பாகம். அந்த ஆண்டின் முடிவில் ட்ரக் வரிசையில் ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த ஓட்டுநராக வாக்கெடுப்பில் தேர்வானார் நரேன். 2011இல் ஃபார்முலா ஒன்னுக்கே திரும்பினார்.

கைத்திறன் என்பது எங்கு போனாலும் செல்லுபடியாகும் நாணயம் அல்ல என்று இது காட்டுகிறது. தெரிந்த வண்டியில், தெரிந்த தடத்தில்தான் அதன் முழு மதிப்பு. சனிக்கிழமை வென்ற கப் ஓட்டுநர்கள் ஏறியதோ கப் வண்டிக்கு அண்ணன் தம்பியான வண்டியில். அதைக் கட்டிக்கொடுத்ததும் பெரும்பாலும் கப் அணியின் பட்டறைதான்.

பட்டறையும் குடையும்

கைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள பங்கைப் பிரித்துப் பார்க்க முடியுமா? ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் முயன்றார்கள். 1950 முதல் 2014 வரையான ஃபார்முலா ஒன் முடிவுகளை எடுத்து, ஒரே ஓட்டுநர் வேறு வேறு அணிகளில் எப்படி ஓட்டினார், ஒரே அணியில் வேறு வேறு ஓட்டுநர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று ஒப்பிட்டார்கள். அணியின் பங்கைக் கழித்துப் பார்த்தால் எல்லாக் காலத்துக்கும் மேலானவர் அர்ஜென்டினாவின் ஃபாங்கியோ என்று வந்தது. அதைவிட முக்கியமான முடிவு வேறு: ஓட்டுநரைவிட அணியே அதிகம் தீர்மானிக்கிறது, அதுவும் காலம் போகப்போக அதன் பங்கு கூடுகிறது. மழை பெய்த நாளிலும் நகரத் தெருக்களில் அமைத்த தடங்களிலும் மட்டும் கை சற்றுத் தலைதூக்குகிறது.

அப்படியானால் கீழ்வரிசையின் சிறிய அணிகளைத் தோற்கடித்தது கைல் புஷ்ஷின் கை மட்டும் அல்ல; அவருக்குப் பின்னால் வந்த காற்றுச் சுரங்கமும் பொறியாளர் படையும் பணமும்தான். தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் பாடமாக யாரும் நடத்த வேண்டியதில்லை. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்து, காலியா, லாவோ என்று இரு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடி-கொழும்பு தடத்தில் விட்டார். எதிரே நின்றது பல கடல்களில் நூற்றுக்கு மேல் கப்பல் ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். அது கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையையும் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். மற்ற தடங்களில் சம்பாதித்த பணம் இந்த ஒரு தடத்தின் நட்டத்தைத் தாங்கியது. 1911இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது. பிரிட்டிஷ் மாலுமி சுதேசி மாலுமியைவிடத் திறமையாகக் கப்பல் ஓட்டினார் என்று ஒருவரும் சொன்னதில்லை. வென்றது மடியின் கனம். அரசாங்கத்தின் கை அதற்குத் துணை நின்றது.

பெரியவரோடு ஓடினால் படிப்பு வருமா?

உச்சத்து ஆட்டக்காரர் கீழே வருவதை ஆதரிப்போர் சொல்லும் வலுவான வாதம், இளையவர்கள் அவரைப் பார்த்துக் கற்பார்கள் என்பது. இதை ஆராயக் கோல்ஃப் வசதியான களம். ஒவ்வொருவரும் தன் பந்தைத்தான் அடிக்கிறார், எண்ணிக்கையும் துல்லியம். டைகர் உட்ஸ் களத்தில் இருக்கும் போட்டிகளில் மற்ற வீரர்களின் ஆட்டம் சற்று மங்குகிறது என்று ஜெனிஃபர் பிரவுன் 2011இல் எழுதினார். எப்படியும் அவர்தான் வெல்வார் என்றால் முயற்சி தளர்கிறது என்பது அவர் விளக்கம். பின்னால் வந்த மறுஆய்வு ஒன்று அந்த விளைவுக்குப் போதிய சான்றில்லை என்றது. 2009இல் வந்த இன்னோர் ஆய்வு, குலுக்கலில் சேர்ந்து ஆட நேர்ந்த கூட்டாளி திறமைசாலியா இல்லையா என்பது ஒருவருடைய ஆட்டத்தை மாற்றவில்லை என்று கண்டது. பக்கத்தில் நிற்பதால் மட்டும் திறமை ஒட்டிக்கொள்வதில்லை, ஓடியும் போவதில்லை.

கற்றலை ஆராய்வோர் சொல்வது இதற்குப் பொருந்திவருகிறது. வேலை மிக எளிதானாலும் ஒன்றும் கற்க முடியாது, மிகக் கடினமானாலும் முடியாது. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் சவால் இருக்கும்போதுதான் கை தேறுகிறது. வாராவாரம் அரைச்சுற்று முன்னால் போய்விடுகிறவரிடம் இளைஞர் கற்பது தோல்வியை மட்டுமே. ஆண்டுக்குச் சில முறை, ஒத்த வண்டியில், எட்டும் தூரத்தில் அவர் ஓடினால் கதை வேறு. கிரிக்கெட்டில் அதைப் பார்த்தோம். 2025 ஜனவரியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விராட் கோலி டெல்லிக்காக உள்நாட்டுப் போட்டியான ரஞ்சி ஆட வந்தபோது மைதானம் நிரம்பி வழிந்தது. ரயில்வே அணியின் ஹிமான்ஷு சங்வான் அவரை 6 ரன்னில் ஸ்டம்பு பறக்க அனுப்பினார். ரஞ்சியில் உழைக்கும் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் பெயரை நாடு அன்று தெரிந்துகொண்டது. அங்கே பந்தும் ஒன்று, ஆடுகளமும் ஒன்று. கோலி தன்னோடு கொண்டுவந்தது கையை மட்டும்தான்.

வரட்டும், கையோடு

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஓட்டுநரின் தலையை எண்ணித் தடுத்த நாஸ்கார் பாதிச் சிக்கலைத்தான் தொட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டத்துக்கான புள்ளியை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதி சரியானது. கீழ்வரிசையின் மகுடம் அங்கேயே உழைப்பவருக்கு உரியது. ஆனால் வரும் எண்ணிக்கையைவிட, வருபவர் எந்த வண்டியில் வருகிறார் என்பதே பெரிய கேள்வி. அமெரிக்காவில் 2006 வரை நடந்த ‘சாம்பியன்களின் பந்தயம்’ என்ற போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தயாரித்த கார்களைத்தான் கொடுத்தார்கள். நம் பக்கத்திலும் அந்தச் சிந்தனைக்கு ஒரு முன்னோடி உண்டு. கோயம்புத்தூர் எஸ்.கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பணக்காரப் பிள்ளையின் வெளிநாட்டு எஞ்சினுக்கு அங்கே வேலையில்லை. நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் பழகியது அந்த ரகக் கார்களில்தான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே கரிவர்தன் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

எல்கைப் பந்தயக் கமிட்டிகள் மாட்டுக்கு வகுப்பு வைத்து, சாரதியைத் திறந்துவிட்டது சரியான பாதி. மீதிப் பாதி பாக்கியிருக்கிறது. பல்லும் உயரமும் பொருந்தினாலும், பெரிய தொழுவத்தில் பருத்திக்கொட்டையும் பயிற்சியும் பெற்று வளர்ந்த பூஞ்சிட்டும், கடன் வாங்கி ஒற்றை ஜோடி வளர்ப்பவரின் பூஞ்சிட்டும் ஒன்றல்ல. பேர்போன சாரதியும் பெரிய தொழுவத்து வண்டியிலேயே ஏறினால் இரண்டு பலமும் ஒரே பக்கம் சாய்கிறது.

ஏதாவது ஓர் ஊர்க் கமிட்டி ஒரு வருடம் இதைச் செய்துபார்க்கலாம்: பூஞ்சிட்டு வகுப்பில் மட்டும் பேர்போன சாரதிகளின் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி, முதன்முறை வண்டி கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பது. மாட்டைப் புதுச் சாரதிக்குப் பழக்க ஒரு வாரம் முன்பே குலுக்கிவிட வேண்டும். பரிசு மாட்டுக்காரருக்கு, சாரதிக்குத் தனிக் கூலி. நாலைந்து பந்தயம் இப்படி நடந்தால், ஷெஃபீல்டுக்காரர்கள் அறுபத்தைந்து வருடக் கணக்கைப் புரட்டித் தேடிய விடையில் ஒரு துண்டு ஒட்டப்பிடாரம் சாலையிலேயே கிடைத்துவிடும்.